பத்திரம்... பத்திரம்! வாசகர் கேள்வி பதில்

(வேலூரில் 36 வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவர் வீடு, மனை, வாடகைச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் பக்கம்)

கேள்வி: என் மகள் வேலூரில் நர்சிங் முடித்துவிட்டு, இரண்டு வருஷமாக பிரிட்டனில், வேல்ஸ் பகுதியில் ஸ்வான்சி என்ற ஊரில் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். குடியிருப்பது ஒட்டினாற்போல் கட்டிய வரிசை வீட்டில். வலது பக்கத்து வீட்டுத் தாத்தா கவுன்சில் வாடகை வீட்டில் இருந்தவர். 1985ல் பெரிய தள்ளுபடியில் அதையே வாங்கிக்கொண்டாராம். இடது பக்கத்துப் பாட்டி 22 வருஷமாக கவுன்சிலுக்கு வாடகை கட்டுகிறார். அவர் வாங்க முடியாதாம், சட்டத்தையே எடுத்துவிட்டார்களாம். நடுவில் என் மகள், தனியாருக்கு வாடகை கொடுத்துக்கொண்டு. ஒரே வரிசையில் ஆளுக்கு ஒரு நியாயமா? போனில் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, காட்பாடி காந்தி நகர்

பதில்: அம்மா, உங்கள் மகள் நடு வீட்டில் இருந்துகொண்டு மொத்தக் கதையையும் பார்த்துவிட்டாள். நான் முன்கதையை மட்டும் சொல்கிறேன்.

கவுன்சில் என்பது நம் மாநகராட்சி மாதிரி. அது வீடு கட்டிக் குறைந்த வாடகைக்கு விடும். 1941 பிப்ரவரியில் மூன்று இரவு தொடர்ந்து குண்டு விழுந்த ஊர் ஸ்வான்சி. போர் முடிந்ததும் நாடு முழுக்க வீடு கட்டும் பொறுப்பு அனியூரின் பெவன் என்ற அமைச்சரிடம் வந்தது. வேல்ஸ்காரர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். உங்கள் மகள் வேலை பார்க்கிறாளே, அந்த இலவச மருத்துவத் திட்டத்தை 1948ல் தொடங்கியவரும் இவர்தான். அப்போது வீட்டுவசதி சுகாதாரத் துறைக்குள்ளேயே இருந்தது. நோயாளிக்கு மருந்து கொடுத்து ஈரச் சுவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்பான். இது சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் டீ விற்பவருக்கும் தெரிந்த சங்கதி.

அப்புறம் மார்கரெட் தாட்சர் பிரதமராக வந்தார். 1980ல் வீட்டுவசதிச் சட்டம், அக்டோபர் 3 முதல் அமல். கவுன்சில் வீட்டில் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்தவர், கேட்டால் வீட்டை விற்றே ஆகவேண்டும். கவுன்சில் மாட்டேன் என்று சொல்ல முடியாது. சந்தை விலையில் 33 சதவீதம் தள்ளுபடி, மூன்றுக்கு மேல் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இன்னொரு சதவீதம், உச்சம் 50. பிற்பாடு அடுக்குமாடி வீடுகளுக்கு 70 வரைக்கும் போனது. ஐந்து வருஷத்துக்குள் விற்றால் தள்ளுபடியில் ஒரு பங்கைத் திருப்பிக் கட்டணும், அவ்வளவுதான் நிபந்தனை.

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். வாடகைக்காரர் வீட்டுக்காரர் ஆகிற நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலில் மை உருட்டும்போது கை நடுங்கும். துடைக்கத் துணி கொடுத்தால் துடைக்காமல் அந்த மையோடே வீட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வாங்கினவர்கள் முதல் வேலையாக வாசக்கதவை மாற்றினார்களாம். கவுன்சில் அடித்த ஒரே நிறக் கதவு பிடிக்கவில்லை! அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். வலது பக்கத்துத் தாத்தா எந்தத் தப்பும் செய்யவில்லை. சட்டம் கொடுத்தது, வாங்கிக்கொண்டார்.

ஆனால் கிரயப் பத்திரத்தில் ஒரு வரி எழுதுவோம், தெரியுமா? ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது.’ எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தனியார் வீட்டுக்கு அந்த வரி பொருத்தம். ஊர்ப் பணத்தில், வாடகைக்கென்று கட்டின வீட்டுக்கு அதை எழுதினால், வரிசையில் அடுத்து நிற்பவருக்கு அந்த வீடு அன்றோடு போயிற்று. அவர் பிள்ளைக்கும் போயிற்று. வாடகை வீடு என்றால் ஒருவர் காலி செய்ய இன்னொருவர் வருவார். ஐம்பது வருஷத்தில் நான்கு குடும்பம் வாழ்ந்துவிட்டுப் போகும்.

விற்ற பணத்தில் புது வீடு கட்டியிருந்தால் நான் இத்தனை பேசமாட்டேன். அதுதான் நடக்கவில்லை. பணத்தில் பெரும்பகுதியை கவுன்சில்கள் புது வீட்டுக்குச் செலவு செய்ய முடியாதபடி லண்டன் அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. பழைய கடனை அடை என்றது. பசுவையும் விற்றாயிற்று, கன்றும் வாங்கவில்லை. வேல்ஸில் மட்டும் 1981க்கும் 2016க்கும் நடுவில் சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் வீடுகள் இப்படிப் போயின. 1981ல் இருந்த இருப்போடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 45 சதவீதம். வேல்ஸ் முழுக்கச் சேர்த்தாலும் நம் பழைய வடஆற்காடு மாவட்டத்து ஜனத்தொகை வராது. அந்தச் சின்ன ஊரில் இவ்வளவு.

விற்ற வீடு என்ன ஆனது? வாங்கினவர் காலமானதும் பிள்ளைகள் விற்றார்கள். பத்து வீடு வைத்திருப்பவர் பதினொன்றாவதாக அதை வாங்கி வாடகைக்கு விட்டார். கவுன்சில் வாடகையைவிட அதிக வாடகை. கொடுக்க முடியாத ஏழைக் குடும்பத்துக்கு அரசாங்கமே வாடகை உதவி தருகிறது. அதாவது, தன் வீட்டைத் தள்ளுபடியில் விற்றுவிட்டு அதே வீட்டுக்கு மாசாமாசம் வாடகை கட்டுகிறது! நம் ஊரில் ஒரு குடும்பம் இப்படிச் செய்தால் பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைத்துவிடுவோம். உங்கள் மகளை அவள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். ஒரே வரிசை, ஒரே செங்கல், ஒரே புகைபோக்கி என்றால், அவள் இருப்பதும் முன்னாள் கவுன்சில் வீடாகத்தான் இருக்கும்.

அதனால்தான் ஸ்காட்லாந்து 2016 ஆகஸ்டிலும், வேல்ஸ் 2019 ஜனவரி 26லும் இந்த உரிமைக்கு முற்றுப்புள்ளி வைத்தன. இங்கிலாந்து இன்னும் வைக்கவில்லை. 2024 நவம்பரில் தள்ளுபடியை மட்டும் ஒரேயடியாக வெட்டியது. முன்பு லண்டனில் 1 லட்சத்து 36 ஆயிரம் பவுண்டு வரை கிடைத்தது, இப்போது இடத்தைப் பொறுத்து 16 ஆயிரத்திலிருந்து 38 ஆயிரத்துக்குள்.

இனி இடது பக்கத்துப் பாட்டி. அவரை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. பழையபடி குறைந்த வாடகைதான். சட்டம் 2018 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது; ஏற்கெனவே குடியிருந்தவர்கள் வாங்குவதாக இருந்தால் வாங்கிக்கொள்ள ஒரு வருஷம் விட்டார்கள், ஆனால் ஸ்வான்சியில் 2015லேயே அந்த உரிமையை நிறுத்திவைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் அந்த உரிமை பாட்டியிடம் இருந்தது. ஏன் வாங்கவில்லை? தள்ளுபடி போக மீதியைப் புரட்ட வழி இருந்திருக்காது. கையில் காசோ, கடன் கொடுக்க வங்கியோ இருந்தவர்களுக்குத்தான் அந்த உரிமை பழுத்தது. எல்லோர் வீட்டு வாசலிலும் மாமரம் என்றார்கள், ஏணி வைத்திருந்தவன் பறித்துக்கொண்டான்.

பாட்டியின் மனக்குறை நிஜம். இரண்டு சுவருக்கு அந்தப்பக்கம் ஒருவர் சொந்தக்காரர், இவர் கடைசிவரை வாடகைக்காரர். அதற்குச் சமாதானம் என்னிடம் இல்லை. இருந்தாலும் என்னிடம் கேட்டால் நிறுத்தினது சரி என்றுதான் சொல்வேன். ஒன்று, நிறுத்தினதோடு கைகழுவிவிட்டுப் புதிதாகக் கட்டாமல் உட்கார்ந்தால், பாட்டியிடம் இருந்ததையும் பிடுங்கினதுதான் மிச்சம்.

கேள்வி: சத்துவாச்சாரியில் அரசு ஊழியர் வாடகைக் குடியிருப்பில் 19 வருஷமாக இருக்கிறேன். வருகிற மே மாதம் ஓய்வு. கட்டின வாடகையைக் கூட்டினால் வீடு கட்டின செலவை எப்போதோ தாண்டியிருக்கும். குடியிருப்பவருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று நாங்கள் சிலர் மனு எழுதலாம் என்றிருக்கிறோம். நீங்கள்தான் வாசகம் எழுதித் தரவேண்டும்.
– அரசு ஊழியர், வேலூர்

பதில்: சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த மனுவை நான் எழுதமாட்டேன். வேறு யாராவது எழுதித் தருவார்கள், கட்டணமும் என்னைவிடக் குறைவாகவே வாங்குவார்கள்.

முப்பது வருஷமாக ஒரே ஓட்டலில் இட்லி சாப்பிட்டால், கணக்குப் போட்டு இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? கட்டின வாடகை குடியிருந்ததற்குச் சரியாகப் போயிற்று. வெளியே தனியார் வீட்டில் இருந்திருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்கள் என்ற கணக்கையும் பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள்.

தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961லிருந்து இருக்கிறது. விற்பதற்கென்றே மனையும் வீடும் போடுகிறது; தவணை முறையில், சுயநிதித் திட்டத்தில். அவற்றுக்குத் தவணை முடிந்ததும் கிரயப் பத்திரம் கேட்பது உங்கள் உரிமை, தராமல் இழுத்தால் விடாதீர்கள். வாடகைக்கென்று கட்டினது வேறு ரகம். பணியில் இருக்கும் வரை இருக்கலாம், ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுக்கணும். 19 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் ஓய்வு பெற்று, தண்ணீர் டிரம்மையும் துளசிமாடத்தையும் ஏற்றிக்கொண்டு போனதால்தான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். அவர் அன்றைக்கு மனு போட்டு ஜெயித்திருந்தால்?

மே மாத வேலூர் வெயிலில் வீடு தேட வேண்டாம். இப்போதே பார்க்க ஆரம்பியுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டில் 12 வருஷம் தொடர்ந்து இருந்தால் வீடு நமக்கே சொந்தம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இல்லை. இந்தக் கேள்வி வராத மாதமே கிடையாது. 1963ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில் 12 வருஷம் என்று ஒன்று இருக்கிறது, அரசு நிலமென்றால் 30. அது, உரிமையாளருக்கு எதிராக, ‘இது என்னுடையது’ என்று வெளிப்படையாக இருப்பவருக்கு. நீங்கள் அவர் அனுமதியோடு உள்ளே வந்து, மாசாமாசம் வாடகை கொடுத்து அவரை உரிமையாளர் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். 12 ஆனாலும் 50 ஆனாலும் ஒன்றுதான். இதே பயத்தில் 11 மாதத்துக்கு ஒருதடவை குடித்தனக்காரரை மாற்றும் வீட்டுக்காரர்களும் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: எங்கள் தாத்தா கோயில் மனையை வாடகைக்கு எடுத்து, சொந்தச் செலவில் வீடு கட்டினார். மூன்று தலைமுறையாக இருக்கிறோம். மனையை எங்களுக்கே விற்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.
– வாசகி, ஆற்காடு

பதில்: அவர் சொல்வது பழைய சட்டம் அம்மா. முழுப் பொய் இல்லை, காலாவதியான மருந்து.

1921ம் வருஷத்து நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. முதலில் சென்னைக்கு வந்து, பிறகு வேறு ஊர்களுக்கும் நீட்டினார்கள். அன்றைக்கு ஒருவர் மனையை வாடகைக்கு எடுத்து அதன்மேல் வீடு கட்டுவது சகஜம். ஊர் வளர்ந்து மனை விலை ஏறியதும், வீட்டைப் பிரித்துக்கொண்டு கிளம்பு என்று மனைக்காரர் வழக்குப் போடுவார். கல் வீட்டை எப்படிப் பிரித்து எடுத்துப் போவது? அதனால் சட்டத்தின் 9ம் பிரிவு, மனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள் என்று குடியிருப்பவர் கோர்ட்டில் கேட்க வழி செய்தது. எவ்வளவு இடம் அவசியம், என்ன விலை என்று கோர்ட் முடிவு செய்யும். இங்கிலாந்தில் அந்த 1980 சட்டம் வருவதற்கு ஏறக்குறைய அறுபது வருஷம் முன்னாலேயே நம்மிடம் வாடகைக்காரர் வாங்கும் உரிமை இருந்தது, பாருங்கள்.

ஆனால் கோயில், மடம், அறநிலைய நிலங்களை 1996ல் திருத்தம் போட்டு அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் மேலே ஸ்வான்சிக்குச் சொன்னதேதான். மன்னரோ வியாபாரியோ விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் எழுதிவைத்த நிலம் ஒவ்வொன்றாகக் குடியிருப்பவர் பெயருக்குப் போனால் கோயிலுக்கு மிச்சம் கோபுரம்தான். தாத்தா கட்டின சுவர் உங்களுடையது, அடியில் இருக்கும் மண் சுவாமியுடையது. நியாய வாடகை நிர்ணயம், நிலுவை, பெயர் மாற்றம், இவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பெயரிலேயே ரசீது வாங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதைச் சரி பண்ணுங்கள்.

வாடகைக்காரருக்கு எதையுமே விற்கக்கூடாது என்பவனா நான் என்று நினைத்துவிடாதீர்கள். 1971ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த இடத்தையே சொந்தமாக்கினது. கூலி அதிகம் கேட்டால் ‘குடிசையைக் காலி பண்ணு’ என்று மிரட்ட முடியாமல் போயிற்று. அது தனிமனிதர் பிடியிலிருந்து விடுவித்தது. ஊர்ச் சொத்தை ஒருவர் பெயருக்கு மாற்றுவது வேறு. விற்பது யாருடையது என்று முதலில் கேட்டுவிட்டால், எனக்குப் பாதிக் குழப்பம் போய்விடும்.

கேள்வி: அண்ணா, குடிசை மாற்று வாரிய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. ஒதுக்கீடு வாங்கினவர் 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தருகிறேன் என்கிறார். மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், வேலூர் கஸ்பா

பதில்: வேண்டாம் தம்பி. 100 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள வீடு, பதிவு செய்த கிரயப் பத்திரத்தில்தான் கைமாறும். அவரிடம் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. தன்னிடம் இல்லாததை அவர் எப்படி உங்களுக்குத் தருவார்? ஆய்வுக்கு ஆள் வந்தால் அவர் பெயர்தான் இருக்கும். அவர் இறந்துபோனால் அவர் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் சிங்கமுத்திரை இருக்கிறதே என்று சொன்னவர்கள் என் மேஜைக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள்.

1970ல் தொடங்கின அந்த வாரியத்துக்கு 2021லிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். உங்கள் பெயரில் வேறு வீடு இல்லையென்றால் நேராக அங்கே மனு கொடுங்கள். லேட்டாகும். ஆனாலும் உங்கள் பெயரில் வரும்.

கேள்வி: போன மாதம் எழுதினபோது, உங்கள் அம்மா அரசாங்கம் கட்டின வீட்டை வாங்கினவர் என்று போகிற போக்கில் சொன்னீர்கள். தான் மேலே ஏறினதும் மற்றவர்களுக்கு ஏணியை எடுக்கச் சொல்வது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கேட்பீர்கள் என்று தெரியும். நானே எழுதாமல் இருந்திருக்கலாம்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா பள்ளிக்கூடத்தில் ஆயா. மலையடிவாரத்தில் புதிதாகப் போட்ட காலனியில் ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் துவைகல், இவ்வளவுதான் வீடு. தவணை முறை ஒதுக்கீடு. மாதம் 110 ரூபாய். சம்பளம் வாங்கின அன்றே வங்கியில் செலான் கட்டிவிட்டுத்தான் அரிசி வாங்குவார். செலான் அடிச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னை மஞ்சப்பையில் போட்டு, பையை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருப்பார். தவணை முடிந்து பத்திரம் கைக்கு வர வருஷக்கணக்கில் ஆயிற்று. நிலம் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் இழப்பீடு, அதனால் இறுதி விலை கூடிவிட்டது, வித்தியாசத்தைக் கட்டு என்றார்கள். அதையும் கட்டினார்.

பத்திரம் வந்த அன்று நான் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்று வந்ததும் அம்மா நிறுத்தச் சொன்னார். அப்படின்னா என்ன என்றார். பிள்ளை, பேரன் என்றேன். “அப்ப உங்க அக்காவுக்கு?” என்றார். அது சும்மா எழுதுகிற வாசகம், சட்டப்படி அக்காவுக்கும் சமபங்கு உண்டு என்று விளக்கினேன். நம்பவில்லை. அடுத்த வாரமே என்னை வைத்தே ஓர் உயில் எழுதவைத்து, அக்கா பெயரை முதலில் போடச் சொன்னார்.

அது விற்பதற்காகக் கட்டின வீடு, முழு விலை கொடுத்தோம் என்று நான் தப்பித்துக்கொள்ளலாம். மேலே மற்றவர்களுக்குச் சொன்னதும் அதுதான். ஆனால் ராணிப்பேட்டைக்காரர் கேட்டது வேறு. அந்த வீட்டின்மேல் பிறகு நாங்கள் ஒரு மாடி எடுத்தோம். அக்கா கீழே இருக்கிறார். மாடியை சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வரும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இப்போது மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து ஒரு கணவன் மனைவி இருக்கிறார்கள். மாதம் 9,000, தண்ணீர் லாரிக்குத் தனி. குறைந்த வருமானக்காரருக்கு என்று சொல்லிப் போட்ட மனை. அம்மா கட்டின கிட்டத்தட்ட ஏழு வருஷத் தவணையை அந்த மாடி ஒரு மாதத்தில் தருகிறது. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்றுதான் போட்டேன்.